இரவல் உடை: பதின்பருவப் புனைகதையில் காதலும் பொறாமையும்

பதின்பருவப் புனைகதை என்னும் தொடர், 13 முதல் 19 வயது வரையிலானோரைத் தலைமை மாந்தராகக் கொண்டு, அவ்வயதினர் விரும்பிப் படிக்கும் நாவல்களைக் குறிப்பதாக இச்சொற்பொழிவில் ஆளப்படுகிறது. ஆங்கிலத்தில் இவ்வகைமை தனித்தடம் பெற்ற காலத்தை 1960களில் வைப்பது வழக்கம், எஸ். ஈ. ஹின்டன் பள்ளி மாணவியாக இருந்தபோதே எழுதத் தொடங்கி, 1967இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவல் அதன் தொடக்கமாகக் காட்டப்படும். ஆயினும் 1868இல் வெளிவந்த லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்', 1908இல் வெளிவந்த எல். எம். மான்ட்காமரியின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' ஆகிய முன்னோடிகளை விலக்கிவிட்டு இப்பொருளைப் பேச இயலாது. பின்வந்த எழுத்தாளர்கள் உடையைக் கையாண்ட முறை பெரும்பாலும் அவற்றில் உருவானதே.

இந்நாவல்களில் உடைக்குக் கிடைக்கும் இடம் பெரியது. அழகுணர்ச்சி அதற்கு ஒரு சிறு காரணமே. பதின்வயதினர் உடுத்தியிருக்கும் துணியை வாங்கியவர் பெரும்பாலும் அவரல்லர். அது தாய் தேர்ந்தெடுத்ததாக இருக்கும், அல்லது அக்காவுக்குச் சிறுத்துப்போய்த் தங்கைக்கு வந்ததாக இருக்கும், அல்லது பள்ளி விதித்ததாக இருக்கும். சொந்தப் பணமும் பூட்டிக்கொள்ளத் தனி அறையும் இல்லாத அவ்வயதில், ஓர் உடையைப் பிறரிடமிருந்து தானாகப் பெறுவதும், தன்னுடையதை எடுத்துக் கொடுப்பதும், இரவல் வாங்குவதும் குடும்பக் கணக்குக்கு வெளியே அவர்கள் நடத்தும் முதல் கொடுக்கல் வாங்கலாக அமைகின்றன. அந்தக் கொடுக்கல் வாங்கலைக் காதலின் தொடக்கமாகவும், அதை மூன்றாமவர் ஒருவர் கண்டுகொள்வதைப் பொறாமையின் தொடக்கமாகவும் இந்நாவல்கள் அமைக்கின்றன என்பதும், ஆகவே உடை இங்கே உணர்ச்சிக்குச் சூட்டிய அலங்காரமாக இல்லாமல் அதற்குரிய சான்றுப் பொருளாக நிற்கிறது என்பதும் இவ்வுரை நிறுவ முனையும் கருத்து. பூத் டார்கிங்டன் 1916இல் எழுதிய 'செவன்டீன்' என்னும் நகைச்சுவை நாவலில், பதினேழு வயது வில்லியம், கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்த பெண்ணைக் கவர்வதற்காகத் தந்தையின் மாலைவிருந்து உடுப்பை ஒளித்து எடுத்து அணிந்துகொண்டு போகிறான். தன் காதலுக்குத் தகுதியான துணி தன்னிடம் ஒன்றுமில்லை என்று அவன் உறுதியாக நம்புகிறான். அந்த நம்பிக்கையில்தான் நூலின் சிரிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மேலே செல்லுமுன் இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்ள வேண்டும். குறியீடு என்பது, வழக்கத்தாலும் உடன்பாட்டாலும் ஒரு பொருளுக்குப் பதிலாக நிற்பது. திருமணத்துக்குத் தாலி என்பதுபோல. சுட்டுக்குறி என்பது, நிகழ்ந்த ஒன்றின் தடயமாகவே நின்று அதைக் காட்டிக்கொடுப்பது. நெருப்புக்குப் புகை என்பதுபோல. இப்பகுப்பு அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்சின் குறியியலிலிருந்து வருவது. பதின்பருவ நாவலில் உடை இரண்டாகவும் இயங்கும் என்றாலும், கதையை நகர்த்துவது பெரும்பாலும் இரண்டாவது இயக்கமே: இந்தச் சட்டை யாருடையது, இவள் தோளுக்கு எப்படி வந்தது என்று எவரேனும் கேட்கும்போதுதான் கதையில் முடிச்சு விழுகிறது. பொறாமை என்னும் சொல்லும் இவ்வாறே இரு நிலைகளை அடக்கியது. பிறரிடம் உள்ளது தனக்கில்லையே என்று புழுங்குவது ஒன்று. தன்னுடையதெனக் கருதிய ஒருவர் பிறரிடம் போய்விடுவாரோ என்று அஞ்சுவது மற்றொன்று. முதலாவதை ஏக்கப் பொறாமை என்றும் இரண்டாவதை இழப்புப் பொறாமை என்றும் இங்கே குறித்துக்கொண்டால், நல்ல பதின்பருவ நாவல் எதிலும் இரண்டும் தனித்தனியே வருவதில்லை என்பதும், ஏக்கமே இழப்பின் வேடத்தில் வெளிப்படுவது அங்கே வழக்கம் என்பதும் தெரியவரும்.

இவ்விரு பொறாமைகளுக்கும் உடைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. விவிலியத்தின் ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் யோசேப்புக்குத் தந்தை யாக்கோபு தைத்துக் கொடுக்கும் பலவருண அங்கி, தந்தையின் அன்புக்கு அடையாளமாகவும், அதே காரணத்தால் அண்ணன்மாரின் காய்ச்சலுக்கு இலக்காகவும் ஆகிறது. அவர்கள் தம்பியை விற்றுவிட்டு, அந்த அங்கியை ஆட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்துத் தந்தையிடம் சான்றாகக் காட்டுகிறார்கள். யோசேப்பின் வயது அப்போது பதினேழு என்று அந்நூலே சொல்லிவிடுவதால், இதைப் பதின்பருவக் கதை மரபின் முதல் உடை என்று கொள்வதில் தவறில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவன் தரும் தழையுடையின் நிலையும் இதற்கு அயலானதன்று. அதை உடுத்தினால் தாய் கேட்பாளே என்ற அச்சமும், திருப்பிக் கொடுத்தால் தந்தவன் உள்ளம் நோகுமே என்ற அச்சமும் இருபுறம் இழுக்கத் தோழி தவிக்கும் நற்றிணைப் பாடல் ஒன்று உண்டு. வீட்டுக்குக் கணக்குச் சொல்ல முடியாத உடை என்னும் சிக்கலை அதைவிடச் சுருக்கமாக எந்த நாவலும் சொன்னதில்லை.

'லிட்டில் விமன்' நாவல் போர்க்கால அமெரிக்காவில், தந்தை களத்துக்குப் போயிருக்க, நொடித்துப்போன குடும்பத்தில் வளரும் நான்கு சகோதரிகளின் கதை. வறுமை அங்கே முதலில் தெரிவது உடையில். புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்துக்குப் புறப்படும்போது, ஜோவின் கையுறைகள் எலுமிச்சைச் சாற்றுக் கறை பட்டுக் கிடக்கின்றன; அக்கா மெக் கையுறையில்லாமல் விருந்துக்குப் போவது நடவாத காரியம் என்கிறாள்; ஆளுக்கொரு நல்ல கையுறையை அணிந்து, கறைபட்ட மற்றொன்றைக் கையில் பிடித்துக்கொள்வது என்று முடிவாகிறது. ஜோவின் கவுனின் பின்புறத்தில் தீய்ந்த தழும்பு வேறு. அதை மறைக்க அவள் சுவரோரம் நின்றுகொள்கிறாள். அண்டை வீட்டு லாரிக்கு அந்தச் சேதி தெரிந்ததும், எவர் கண்ணிலும் படாமல் வெளிக்கூடத்தில் ஆடலாம் என்று அவளை அழைத்துப்போகிறான். இருவருக்கும் இடையில் பிறக்கும் நெருக்கத்துக்கு இந்த ஒளிவு போதுமானதாக இருக்கிறது. அழகிய உடையைப் பாராட்டுபவன் எவனும் இருக்கலாம், பழுதுபட்ட உடையை மறைக்க உதவுபவன் ஒருவன்தான் என்பதை ஆல்காட் விளக்கம் ஒன்றும் சேர்க்காமல் காட்சியாகவே வைத்துவிடுகிறார்.

மெக்கின் சாம்பல் நிறப் பருத்திக் கையுறை ஒன்று பின்னர் காணாமற்போகிறது; ஜோடியில் ஒன்றுதான் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. மற்றொன்று லாரியின் ஆசிரியர் ஜான் புரூக்கின் சட்டைப் பையில் இருக்கிறது என்பதை லாரி ஜோவிடம் ஓர் இரகசியமாகச் சொல்லும்போது, அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்க்கிறான். அவளுக்கோ அருவருப்பும் கோபமும் வருகின்றன. புரூக்கின் காதலை அவர் வாய்திறந்து மெக்கிடம் சொல்ல இன்னும் நெடுநாள் இருக்கிறது. அதற்குள் அந்தப் பருத்தித் துண்டு அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதைக் கேட்டுப் பொறாமை கொள்பவள் போட்டிக் காதலி எவளுமல்லள், அக்காவை இழக்கப்போகும் தங்கை. காதலையும் பொறாமையையும் முக்கோணமாக, அதாவது ஒருவருக்காக இருவர் போட்டியிடுவதாக மட்டும் பார்த்துப் பழகிய திறனாய்வு இத்தகைய இடங்களைத் தவறவிட்டுவிடுகிறது. பதின்வயதினரின் இழப்புப் பொறாமை உடன்பிறப்பின்மீதும் தோழியின்மீதும் தந்தையின்மீதும் அதே வேகத்துடன் பாய்வது. காதலன் அதற்கு ஒரு காரணம், அவ்வளவே.

மான்ட்காமரியின் ஆன், பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வயதான உடன்பிறப்புகளான மாத்யூவும் மரில்லாவும் எடுத்து வளர்க்கும் அநாதைப் பெண். தோளில் பந்தாகப் புடைத்து நிற்கும் கை வைத்த கவுன், அதாவது பஃப் கை வைத்தது, அவளுக்கு ஏக்கம். வீண் ஆடம்பரம், துணிக்குக் கேடு என்பது மரில்லாவின் தீர்ப்பு. சிறுமிகள் கூடியிருக்கும் ஒரு மாலையில், மற்றவர்களிலிருந்து ஆன் ஏதோ வகையில் வேறுபட்டுத் தெரிகிறாள் என்று மாத்யூவுக்குத் தோன்றுகிறது. புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்த பிறகே அந்த வேறுபாடு சட்டையின் கையில் இருக்கிறது என்பது அவருக்குப் பிடிபடுகிறது. துணி வாங்கக் கடைக்குப் போகிறார். விற்பனைக்கு நிற்பது ஒரு பெண் என்றவுடன் நாக்கு எழாமல், கொட்டும் குளிர்காலத்தில் தோட்டத்து வாருகோல் ஒன்றையும் 20 பவுண்டு பழுப்புச் சர்க்கரையையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். பேசத் தெரியாத அன்பு உடை வழியாகவே வெளிவர வேண்டியிருக்கிறது. அந்த உடைக்கும் வாய்விட்டுக் கேட்டாக வேண்டியிருக்கிறது. கடைசியில் அண்டை வீட்டு லிண்ட் அம்மையார் தைத்துக் கொடுக்கும் பழுப்புப் பட்டுக் கவுன் கிறிஸ்துமசுக்கு வந்து சேர்கிறது. அதை உடுத்தி ஆன் மேடையேறும் நிகழ்ச்சியில், அவள் தலையிலிருந்து விழுந்த ரோசாவை வகுப்புத் தோழன் கில்பர்ட் எடுத்து மார்புப் பையில் வைத்துக்கொண்டான் என்று தோழி டயானா வந்து சொல்கிறாள். ஆன் அப்போது அதைப் பொருட்படுத்த மறுக்கிறாள். புரூக்கின் கையுறையும் கில்பர்ட்டின் ரோசாவும் ஒரே வகைப் பொருள்கள்: உரியவள் கொடுக்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டவை, இன்னொருவர் பார்த்துச் சொன்னதால் வெளிவந்தவை.

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி இந்தக் கொடுக்கல் வாங்கலை ஏறத்தாழ ஒரு நிறுவனமாகவே ஆக்கியது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேஸ்பால் அணியினர் 1865இல் தம் சட்டையில் பல்கலைக்கழகத்தின் முதலெழுத்தைத் தைத்துக்கொண்டதில் தொடங்கும் வழக்கம், பின்னர் எழுத்து பொறித்த ஸ்வெட்டராகவும் ஜாக்கெட்டாகவும் பள்ளிகளுக்குப் பரவிற்று. விளையாட்டில் சிறந்தவனுக்குப் பள்ளி வழங்கும் அந்த மேலுடையை அவன் தன் காதலிக்குக் கொடுப்பதும், அவள் அதை அணிந்து பள்ளி வளாகத்தில் நடப்பதும், உறவு முறிந்தால் திருப்பிக் கொடுப்பதும் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊரறிந்த சடங்காயின. கதைகளில் இரவல் செல்லும் திசை பெரும்பாலும் ஒன்றே: ஆணிடமிருந்து பெண்ணுக்கு. அளவுக்கு மீறிப் பெரிதாகத் தொங்கும் அந்த ஜாக்கெட் குளிருக்குப் பாதுகாப்புத் தருகிறது. உள்ளே இருப்பவள் யாரைச் சேர்ந்தவள் என்பதையும் உடனே அறிவிக்கிறது. பாதுகாப்பையும் உடைமையையும் இவ்வாறு ஒரே துணியில் வைத்துத் தைத்ததை இவ்வகைமையின் இனிமையான வழக்கம் என்று கொண்டாடுவோர் பலர். அதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

ஸ்டெஃபனி மையரின் 2005ஆம் ஆண்டு நாவலான 'ட்வைலைட்' இதற்குத் தெளிவான சான்று. போர்ட் ஏஞ்சலஸ் நகரில் தோழியர் இருவருக்கு நடன விழாக் கவுன் தேர்ந்தெடுக்க உதவியாகச் சென்ற கதைத்தலைவி பெல்லா, தனியே வழிதவறித் தெருவில் அச்சுறுத்தலுக்கு உள்ளாகிறாள்; அவளுடன் படிக்கும் எட்வர்ட் வந்து மீட்டு உணவகத்துக்கு அழைத்துச் சென்று, அவள் குளிரில் நடுங்குவது கண்டு தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தருகிறான். அதை அணிந்துகொள்கையில் அதன் மணத்தை அவள் ஆழ்ந்து முகர்கிறாள். அவன் இரத்தக்காட்டேரி என்பதும், அவளது இரத்தத்தின் மணமே அவனை அவள்பால் ஈர்ப்பதும் வாசகருக்கு விரைவில் தெரியவரும். உடையின் மணத்தில் அவள் காண்பது காதல். மணத்தால் இரை தேடுபவன் அவன். இந்த இரட்டை நிலையை நூலாசிரியர் எவ்வளவு தெரிந்து செய்தார் என்பது வேறு கேள்வி. நூலின் இறுதியில் எட்வர்ட்டின் சகோதரி ஆலிஸ் தெரிவு செய்த ஆடை பெல்லாவுக்கு அணிவிக்கப்படுகிறது. ஒரு கால் மாவுக்கட்டில் இருக்க, மற்றொரு காலில் உயர்குதிச் செருப்புடன், எங்கே போகிறோம் என்பதுகூட முதலில் தெரியாமல் அவள் பள்ளி நடன விழாவுக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அவளது விருப்பம் அங்கே எவ்விடத்திலும் கேட்கப்படவில்லை என்பது அந்தக் கட்டுக்காலிலேயே தெரிகிறது.

ஆண்களுக்குள் இரவல் போகும் உடையைப் பற்றி ஹின்டன் எழுதியது இதைவிட நுட்பமானது. 'தி அவுட்சைடர்ஸ்' நாவலில் வசதி படைத்த கூட்டத்தினரை மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டையும், ஏழைக் கூட்டத்தினரை எண்ணெய் வழித்த முடியும் தோல் ஜாக்கெட்டும் அடையாளம் காட்டுகின்றன. (சென்னையின் பெயரைத் தாங்கிய நெசவு, டல்சா நகரத்துத் தெருச்சண்டையில் செல்வந்தர் சீருடையாக வந்து நிற்பது, நெசவாளிக்குத் தெரியாமல் துணி எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு.) கொலைப்பழிக்கு அஞ்சி இரவில் தப்பியோடும் பதினான்கு வயதுப் பொனிபாயின் சட்டை நனைந்திருப்பது கண்டு, எவரிடமும் அன்பு காட்டாத முரடனாகப் பெயரெடுத்த டேலி தன் தோல் ஜாக்கெட்டை அவனுக்குக் கொடுத்தனுப்புகிறான். பின்னர் எரியும் தேவாலயத்திலிருந்து குழந்தைகளை மீட்கும்போது பொனிபாயின் முதுகு வெந்துபோகாமல் காப்பது அந்த ஜாக்கெட்தான். தன் அன்பை டேலி ஒரு சொல்லாலும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளும்படி ஹின்டனும் அவனை வற்புறுத்துவதில்லை.

ஆண் பிள்ளையின் உடைப் பொறாமையை மிக விரிவாக எழுதிய நூல், பலரும் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. ஜே. கே. ரௌலிங்கின் 'ஹாரி பாட்டர்' வரிசையில் நான்காவதான, 2000ஆம் ஆண்டு வெளிவந்த நாவலில், பள்ளியில் நடக்கவிருக்கும் நடன விருந்துக்கென விழா அங்கி ஒவ்வொரு மாணவனும் கொண்டுவர வேண்டும் என்று விதிக்கப்படுகிறது. பிள்ளைகள் பலர் உள்ள வீஸ்லி குடும்பத்தில் ரானுக்கு அவன் தாய் வாங்கிவருவது பழைய துணிக்கடையிலிருந்து. அரக்குச் சிவப்பு நிறம், கழுத்திலும் மணிக்கட்டிலும் பூசணம் பிடித்ததுபோன்ற சரிகைப்பின்னல். அதைக் கண்டவுடன், தங்கையின் கவுன் தவறித் தன்னிடம் வந்துவிட்டதாகவே அவன் நினைக்கிறான். அதே தாய், அதே கடைவீதியில், ஹாரியின் பணத்தில் ஹாரிக்கு வாங்கியது பச்சை நிறப் புத்தங்கி. அவன் கண்ணின் நிறத்துக்குப் பொருந்தும் என்று மனமாரச் சொல்லியும் கொடுக்கிறாள். அவளது அன்பில் வேறுபாடு இல்லை, வேறுபாடு பணத்தில்தான். ஆனால் பதினான்கு வயது மகனுக்கு அந்தப் பகுப்பு விளங்குவதில்லை. விருந்தன்று அவன் மந்திரத்தால் சரிகையை வெட்டியெறிகிறான். வெட்டிய ஓரங்கள் நூல் பிரிந்து தொங்குகின்றன. உடன் ஆட வந்த பத்மா பாட்டில் அந்தப் பிசிறுகளை மேலும் கீழும் பார்க்கிறாள்.

அந்நேரத்தில்தான் நீலநிற ஆடையில் ஹெர்மயனி, உலகப் புகழ்பெற்ற விளையாட்டு வீரன் விக்டர் கிரமின் கையைப் பற்றி வருகிறாள். நெருங்கிய நண்பனான ஹாரிக்கே முதலில் அவளை அடையாளம் தெரியவில்லை. அன்றிரவு ரான் அவள்மேல் சுமத்தும் குற்றம், போட்டிப் பள்ளியின் வீரனோடு கூடிக்குலாவி ஹாரிக்குத் துரோகம் செய்தாள் என்பது. தன் காதலைச் சொல்ல அவனுக்குச் சொல் இல்லாததால், நட்பின் பெயரில் வழக்காடுகிறான். ஆனால் அவனது கோபத்தின் அளவுக்குக் கிரம் ஒருவன் காரணமாக முடியாது. மாலை முழுவதும் அந்தக் கந்தல் கழுத்துப்பட்டியோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனின் அவமானம் அதில் கலந்திருக்கிறது. ஏக்கப் பொறாமை இழப்புப் பொறாமையின் வேடம் பூணுவது என்று மேலே சொல்லப்பட்டது இதுவே. சில வாரங்கள் கழித்து ரௌலிங் போகிற போக்கில் ஒரு செய்தி தருகிறார்: விருந்துக்கு மறுநாள் ரானின் கட்டிலுக்கடியில் ஹாரி கண்டெடுத்தது, கிரமின் நாட்டு விளையாட்டுச் சீருடை அணிந்த சிறு பொம்மையிலிருந்து ஒடிக்கப்பட்டதுபோல் தோன்றிய ஒரு குட்டிக் கை. அந்தப் பொம்மை ரான் தன் கைக்காசு போட்டு ஆசையாய் வாங்கியது. நூல் முடியுமிடத்தில், ஆயிரம் தங்கக் காசுப் பரிசை ஹாரி ரானின் அண்ணன்மாருக்குக் கடை வைக்கக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு நிபந்தனை விதிக்கிறான்: ரானுக்கு வேறு விழா அங்கி வாங்கித் தர வேண்டும், தாங்களே வாங்கியதாகச் சொல்ல வேண்டும். கொடுத்தவன் பெயர் தெரிந்தால் அந்த உடை மீண்டும் பொறாமைப் பொருளாகிவிடும் என்பதை அவன் அறிந்திருக்கிறான். இவ்வகைமையில் அன்பின் மிகத் தேர்ந்த செயல் எது என்று கேட்டால், இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பழைய உடையைப் பெற்றுக்கொள்வதில் உள்ள கடனை எலினர் எஸ்டஸ் 1944இலேயே, இன்னும் இளைய வாசகர்க்காக எழுதிய 'தி ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்' கதையில் காட்டியிருக்கிறார். வெளிறிய ஒரே நீலக் கவுனை நாள்தோறும் அணிந்துவரும் வாண்டாவைப் பணக்காரத் தோழி பெகி கேலி செய்யும்போது, மேடி தடுக்காமல் நிற்கிறாள். அவள் உடுத்தியிருப்பதும் பெகியின் பழைய கவுனே, தாய் புதுப் பட்டி வைத்துத் தைத்து அடையாளம் மறைத்தது. மறுநாள் பெகியின் பார்வை தன் கவுன்மேல் திரும்பிவிடுமோ என்னும் அச்சம் அவள் வாயை அடைத்துவிடுகிறது. 1983இல் தொடங்கிய 'ஸ்வீட் வேலி ஹை' தொடர்வரிசையின் இரட்டைச் சகோதரியரில் ஜெசிகா, எலிசபெத்தின் உடைகளைக் கேட்காமலே எடுத்து அணிவதும், முதல் நூலிலேயே அவள் விரும்பும் இளைஞனைத் தனக்காக்கிக்கொள்ள முனைவதும் ஒரே கைவரிசையின் இரு நிகழ்ச்சிகள். ஆனால் அத்தொடர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்த்துவிட்டது.

ஆன் பிராஷேரஸ் 2001இல் எழுதிய 'தி சிஸ்டர்ஹுட் ஆஃப் தி டிராவலிங் பேன்ட்ஸ்' இந்தக் கடன் சிக்கலிலிருந்து தப்ப ஒரு வழி காண்கிறது. பழைய துணிக்கடையில் வாங்கிய ஒரு ஜீன்ஸ், உடலமைப்பில் வெவ்வேறான நான்கு தோழியர்க்கும் அதிசயமாகப் பொருந்துகிறது. கோடை விடுமுறையில் நால்வரும் பிரிந்திருக்கையில் அது முறைவைத்து அஞ்சலில் பயணிக்கிறது. துவைக்கக் கூடாது என்பது உட்படப் பத்து விதிகள் எழுதப்படுகின்றன. எவருக்கும் சொந்தமில்லாத உடையில் பொறாமை இடம்பிடிக்க முடியாது என்பது அந்தச் சட்டத்தின் உள்நோக்கம். அது தோழியர்க்குள் செல்லுபடியாகிறது, வெளியே ஆவதில்லை. தந்தையோடு கோடையைக் கழிக்கச் சென்ற கார்மன், அவர் வேறொருத்தியை மணக்கவிருப்பதை அங்கே போய்த்தான் அறிகிறாள். திருமணத்தில் உடனிருக்கும் பெண்ணுக்கான கவுன் அளவு பார்க்கப்படும்போது, மணப்பெண்ணின் மெலிந்த வெண்ணிற மகளுக்கெனத் தைத்தது போர்ட்டோரிக்கத் தாயின் உடல்வாகு பெற்ற அவளுக்குப் பிடிப்பதில்லை. தையற்காரியின் முணுமுணுப்பைத் தாங்காமல் அவள் வெளியேறுகிறாள். பிறகு, தானில்லாமலே உணவுக்கு அமர்ந்திருக்கும் அப்புதிய குடும்பத்தின் சன்னலில் கல்லெறிகிறாள். நாவலின் மந்திர ஜீன்சைவிட, பொருந்தாத அந்தக் கவுனே உண்மையானது என்று சொல்லலாம். தந்தையின் புதிய வீட்டில் தனக்கு அளவெடுத்து வைத்த இடம் இல்லை என்பதைக் கார்மனுக்கு எவரும் வாயால் சொல்லவில்லை.

சுசான் காலின்சின் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008இல் வந்தது. பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் இருபத்துநான்கு சிறாரைக் களத்தில் இறக்கி ஒருவரையொருவர் கொல்லவிட்டு அதைத் தொலைக்காட்சியில் காட்டும் கற்பனை அரசில், உடை அரசாங்கத்தின் கருவி. பன்னிரண்டாம் மாவட்டத்துக் கேட்னிசுக்கும் பீட்டாவுக்கும் ஒரேபோன்ற தீயுடை அணிவிக்கிறார்கள் ஒப்பனையாளர் சின்னாவும் அவரது துணையாளரும்; பிறகு பீட்டா மேடையில் காதலை வெளியிடுகிறான்; அது உண்மையா, உயிர் பிழைக்கும் உத்தியா என்பது கேட்னிசுக்கு விளங்கவில்லை. களத்துக் குகையில் அவள் கேட்க, அவன் ஐந்து வயதில் அவளை முதன்முதல் பள்ளியில் கண்ட நாளைச் சொல்கிறான்: சிவப்புக் கட்டம் போட்ட கவுன், ஒற்றைப் பின்னலுக்குப் பதிலாக இரட்டைப் பின்னல். நாடெங்கும் கேட்டுக்கொண்டிருக்கும் காதல் வசனங்களில் எதையும் நம்பாத அவள், இதை மட்டும் தன் நினைவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். அப்படியொரு கவுன் இருந்தது; தந்தை இறந்த பிறகு துவைத்துத் துவைத்துக் கந்தலானது. ஆக, அவன் சொல்வதில் ஒரு பகுதியேனும் பொய்யாக இருக்க முடியாது. மேடையுடை எதுவும் தராத சான்றை இல்லாமற்போன பள்ளிக் கவுன் தருகிறது.

வென்று வெளிவந்த பிறகு வெற்றி விழாவுக்குச் சின்னா அவளுக்கு அணிவிப்பது கவர்ச்சியுடை அன்று, மெழுகுவர்த்தி வெளிச்சம்போன்ற மஞ்சள் நிறத்தில் சிறுமிக்குரிய எளிய கவுன். இருவரும் சேர்ந்து நச்சுக்கனி உண்ண முனைந்து அரசை மிரட்டியதைக் கிளர்ச்சியாக அல்லாமல் காதற்பித்தாக உலகம் கொள்ள வேண்டும். இல்லையேல் அவள் உயிருக்கு ஆபத்து. ஆகவே அந்த மஞ்சள் கவுன் காதலின் போலிச் சான்று, அதுவும் உயிர்காக்கும் போலி. அடுத்த ஆண்டு வெளிவந்த இரண்டாம் நூலான 'கேட்சிங் ஃபயர்', இந்த விளையாட்டை மேலும் முறுக்குகிறது. காதற்கதையை மெய்ப்பிக்கத் திருமணம் அறிவிக்கப்பட்டு, மணக்கவுனை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பின் அவள் மீண்டும் களத்துக்கு அனுப்பப்படும்போது, அதே மணக்கவுனில் நேர்காணலுக்கு வர வேண்டுமென அதிபர் ஸ்னோ ஆணையிடுகிறார். காதல் தன் ஆட்சியை விஞ்சி மக்கள் மனத்தைப் பிடித்ததைத் தாங்காத பொறாமை அது. காதலின் உடையையே தண்டனையுடையாக மாற்ற நினைக்கிறது. மேடையில் அவள் சுழலும்போது வெண்கவுன் எரிந்து உதிர்ந்து, கீழிருந்து கிளர்ச்சியின் சின்னமான மாக்கிங்ஜே பறவையின் கருஞ்சிறகு வெளிப்படும்படி சின்னா தைத்திருக்கிறார். அடுத்த நாள் களத்துக்குள் ஏறும் கண்ணாடிக் குழாய்க்குள் கேட்னிஸ் நிற்க, அவள் கண்ணெதிரே படைவீரர் அவரை அடித்து இழுத்துப் போகிறார்கள்: கவுனின் பொருளை அரசு சரியாகவே படித்துவிட்டது, அதை அணிந்தவளை உடனே தொட முடியாத நிலையில் தைத்தவரைத் தண்டித்தது.